சைக்கிள் கொட்டகையில் லூசியா

தீப்பெட்டி செய்யும் ஆலையில் தீக்கு இடமில்லை. திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகும் வழியில், கடலைப் பார்த்த உயர்ந்த மதிற்சுவருக்குள் இயங்கிவந்த அந்த ஆலையிலிருந்து பொழுதெல்லாம் பெட்டி பெட்டியாகக் குச்சிகள் வெளியேறின. ஆனால், அவற்றுள் ஒன்றையேனும் மதிலுக்குள் உரசிப் பார்க்கும் உரிமை எவருக்கும் இல்லை. அந்த விதியைக் காப்பதற்கென்றே வாயிலில் ஒருவர் நின்றார். பெயர் ஸ்டானிஸ்லாஸ், ஊர் இராயபுரம், வாயிற்காவலர்களுக்கு ஜமேதார்.

ஷிப்டுக்கு வருவோர் அவர்முன் கைகளை உயர்த்தி நிற்பர். அவர் மடியையும் சட்டைப்பையையும் தலைப்பாகையையும் தடவிப் பார்ப்பார். பீடி, சுருட்டு, தீப்பெட்டி எது அகப்பட்டாலும் மர அலமாரியின் சிற்றறையில் போட்டுவிட்டு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார். வேலை முடிந்து போகையில் வில்லையைத் தந்து பொருளைப் பெற்றுக்கொள்ளலாம். சுருட்டுத் துண்டைக் காதில் செருகி வந்தவன் தன் தங்கை கணவன் என்றும் பாராமல் வீட்டுக்குத் திருப்பியனுப்பியவர் அவர். ஆளுக்கு ஆள் மாறாத கண்டிப்பு என்று ஆலையில் பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேரைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை.

மதிலுக்குள்ளேயே தொழிலாளர் வீடுகள் ஒரு வரிசை இருந்தன. சமையலுக்கு மட்டும் மதிலுக்கு வெளியே தகரக் கூரை போட்ட பொதுக் கொட்டகை. அங்கே சமைத்துச் சட்டியோடு உள்ளே தூக்கி வரவேண்டும். சுவீடன் தேசத்திலிருந்து புது இயந்திரம் பூட்ட வந்திருந்த ஹெட்லுண்ட் துரையின் பங்களாவில்கூட மின்சார அடுப்புத்தான்.

முந்தின ஆண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று அந்த வரிசையில் ஒரு வாசலில் மட்டும் அகல்விளக்குகள் எரிந்தன. மருந்து தோய்க்கும் பிரிவில் வேலை செய்த சண்முகவேலின் வீடு அது. அவன் மனைவி சீனியம்மாள் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். அவ்வாண்டுதான் மணமாகி வந்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் மணல் வாளியோடு வந்தார். ஒவ்வோர் அகலின்மேலும் ஒரு பிடி ஈர மணலை வைத்து அழுத்தினார்.

"மொதக் கார்த்திகைக்கு என் வாசல்ல இருட்டக் கொண்டாந்து வச்சிட்டீகளே, அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள். அவள் அழவில்லை. சொன்னதோடு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றுமுதல் சண்முகவேல் வெளியே போய்த் திரும்பி வாயிலில் கைகளைத் தூக்கும்போதெல்லாம், "மண்ணு வாளி மாமு, நல்லா தடவு. வவுத்துக்குள்ள கொஞ்சம் நெருப்பு கீது, அதையும் அணைச்சுட்டு உடு" என்பான். ஸ்டானிஸ்லாஸ் அவன் மடியைத் தடவிவிட்டு வில்லையை நீட்டுவார். தாம் செய்தது முறையே என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும், சீனியம்மாள் சாத்திய கதவு மட்டும் அவர் நெஞ்சில் ஓரிடத்தில் சாத்தியபடியே கிடந்தது.

மறு கார்த்திகை வந்தது. தீபத்துக்குச் சில நாள் இருக்கையில், துரை வீட்டுப் பட்லர் இக்னேஷியஸ் வாயிற்கூண்டருகே வந்து நின்றான். இருவரும் இராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்.

"இன்னா தோஸ்து, டிசம்பரு பதிமூணாந்தேதி காலைல கேட்டுல நீதானே?"

"நாந்தான். ஏன்?"

"விடியறதுக்கு மின்னாடி பங்களாவுல மெழுகுவத்தி கொளுத்தப் போறாங்கோ. உனுக்கு ஒரு வார்த்த சொல்லி வெச்சுடலாம்னு வந்தேன்."

"மெழுகுவத்தியா? எங்க வெச்சுக் கொளுத்துவாங்கோ?"

"தலைல."

ஸ்டானிஸ்லாஸ் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"மாதா மேல ஆணையா குடிக்கல, நைனா. தொர பொண்ணு காரின் கீதே, அது வெள்ள அங்கி போட்டுகினு, தலைல கிரீடம் வெச்சுகினு, அதுல சுத்தி மெழுகுவத்தி எரிய, இருட்டுல பாடிகினு வரும். அல்லாருக்கும் காப்பியும் பன்னும் குடுக்கும். நம்ம மாதா கோயில்ல கும்புடற அர்ச்சிஷ்ட லூசியம்மா திருநாளாம்."

"அவங்க வேதமே வேறயாச்சே. செபமாலை கெடையாது, அர்ச்சிஷ்டவங்களுக்கு மண்டி போட மாட்டாங்கோ. நம்ம லூசியம்மா அங்க எப்பிடிப் போனாங்கோ?"

"அத நீயே கேட்டுக்கோ. எனுக்கு பன்னுதான் பேஜாரு. பிரியாணிக்குப் போடற குங்குமப்பூவ மாவுல கொட்டச் சொல்லுது அம்மா. பூன சுருண்டு படுத்தா மாதிரி திரிச்சு, ரெண்டு பக்கமும் காஞ்ச திராட்ச வெக்கணும். பாத்தா ரெண்டு கண்ணு மாதிரியே கீது."

சுவீடன்காரரின் பண்டிகைகளை ஸ்டானிஸ்லாஸ் கூண்டில் இருந்தபடியே பார்த்து வியந்திருக்கிறார். ஆனி மாதத்தில் பங்களாத் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, அதற்குச் சவுக்குத் தழையும் பூவும் சுற்றினார்கள். துறைமுகத்துக் கப்பலிலிருந்து வந்த நரைத்த தலை மாலுமிகள் உட்பட எல்லாரும் கைகோத்து அதைச் சுற்றிவந்து, தவளை போல் குந்திக் குந்திக் குதித்தார்கள். அவர்கள் நாட்டில் அந்நாளில் இருட்டே கிடையாதாம். பொழுது சாய்ந்தும் சாயாமல் நிற்குமாம். போன கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்புதான் துரை குடும்பம் வந்து சேர்ந்திருந்தது. கிறிஸ்துமஸையோ அவர்கள் முந்தின நாள் மாலையிலேயே கொண்டாடி முடித்துவிடுவார்கள். பண்டிகை நாளன்று பூமாலையோடு வாழ்த்துச் சொல்லப் போன காவலர்கள், விருந்தெல்லாம் தீர்ந்து வீடு அரவமற்றுக் கிடக்கக் கண்டு, மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்கள். அன்று மரத்தில் எரிந்ததும் மின்விளக்குத்தான். இவற்றில் எதிலும் நெருப்பில்லை. ஆகவே எதிலும் ஸ்டானிஸ்லாஸுக்கு வேலையும் இல்லை. இப்பொழுது வந்திருப்பது வேறு.

பட்லர் சொன்ன செய்தி அன்று மாலைக்குள் ஆலை முழுவதும் பரவிவிட்டது. ஷிப்டு மாறும் நேரத்தில் சண்முகவேல் கைகளைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி பேசினான்.

"இன்னா மாமு, தொர பொண்ணு தலைல விளக்கு ஏத்துதாமே. வாளி எடுத்துகினு போவியா? இல்ல, எங்கூட்டு நெருப்புதான் நெருப்பா?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஸ்டானிஸ்லாஸின் கை சண்முகவேலின் சட்டைப்பைமேல் அப்படியே நின்றது. துரையைத் தடுத்தால் வேலை போகலாம். தடுக்காவிட்டால், இத்தனை பேரையும் நாளை எந்த முகத்தோடு கைகளைத் தூக்கச் சொல்வது? வேலை போனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியேனும் பிழைத்துக்கொள்ளலாம். பேர் போனால் எங்கே போய்ப் பெறுவது?

கூண்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நேரே பங்களாவுக்கு நடந்தார்.

ஹெட்லுண்ட் துரை தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார். நெடிய மனிதர், சிறிய குரல். ஸ்டானிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். இக்னேஷியஸ் நடுவில் நின்று இரு பக்கமும் மொழிபெயர்த்தான்.

"தொர, போன வருசம் கார்த்திகைக்கு ஒரு பொண்ணு வாசப்படில அகல் வெச்சுது. இந்தக் கையாலதான் மண்ணப் போட்டு அணைச்சேன். இன்னிக்கு உங்கூட்டு விளக்க உட்டுட்டேன்னா, அப்புறம் இது கையே இல்ல."

அதை மொழிபெயர்க்க இக்னேஷியஸுக்கு மனம் வரவில்லை. "அப்படியே சொல்லு" என்றார் ஸ்டானிஸ்லாஸ். அவன் சொன்னான். துரையின் முகம் கழுத்துவரை சிவந்தது. பங்களா கிடங்குகளுக்கு எட்டத்தில் இருப்பதால் தடை இராது என்று எண்ணிவிட்டதாகவும், அகல்விளக்குச் செய்தி தமக்குத் தெரியாது என்றும் மெல்லச் சொன்னார். உள்ளேயிருந்து அவருடைய மகள் காரின் பித்தளைக் கிரீடத்தைக் கையில் ஏந்தியபடி நிலைவாசலில் வந்து நின்றாள். பேச்சு புரியாவிட்டாலும் செய்தி புரிந்திருக்க வேண்டும்; கிரீடத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பிறகு துரை மீண்டும் பேசத் தொடங்கினார். யாரையும் பார்த்துப் பேசவில்லை; தோட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"தொர இன்னா சொல்றாருன்னா," என்றான் இக்னேஷியஸ், "அவரு பொறந்த ஊருல இந்த மாசம் சூரியன் வராதாம். மேகம் மறைக்கறது இல்ல, தோஸ்து. வர்றதே இல்லியாம். நடு மத்தியானம் ஓரமா கொஞ்சம் நீலமா வெளுக்குமாம், அவ்ளோதான். திரும்ப இருட்டு. பசங்க இருட்டுல பள்ளிக்கொடம் போயி இருட்டுலயே வூட்டுக்கு வருமாம்."

ஸ்டானிஸ்லாஸ் திகைத்தார். அந்த வாயிலில் நின்ற காலம் முழுவதும் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதை நாள் தவறாமல் கண்டவர். அது வராமலும் இருக்கக்கூடும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"அந்த இருட்டுல மனுசன் இன்னா பண்ணுவான்?"

"அதுக்குத்தான் லூசியம்மாவாம்."

"அன்னிக்கு சர்க்கார் லீவா?"

இதைக் கேட்டுத் துரை முதன்முறையாகச் சிரித்தார். லீவே கிடையாதாம். அன்று எல்லாரும் வேலைக்குப் போயாக வேண்டும். அவர் தகப்பனார் மரம் அறுக்கும் ஆலையில் இருந்தாராம். லூசியா அந்த ஆலைக்கே வருவாளாம். ஷிப்டு தொடங்குமுன், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஆட்கள் சுற்றி நிற்க, விளக்கேந்தி வந்து பாடிக் காப்பி கொடுத்துவிட்டுப் போவாளாம். பிறகு ரம்பங்கள் சுழலத் தொடங்குமாம்.

நாட்காட்டியில் சிவப்பு மையைக் கண்டால்தான் பண்டிகை என்றும், அன்று பாயைச் சுருட்டாமல் கிடப்பதே கொண்டாட்டம் என்றும் எண்ணுவோர் இந்நாட்டில் குறைவில்லை. ஸ்டானிஸ்லாஸும் அதுவரை அப்படி எண்ணியவர்தாம். ஒருநாள் விடுப்பும் கேளாமல், பலியும் பூசையும் கேளாமல், வேலைக்குப் போகிறவனின் வழியில் நின்று வெளிச்சம் காட்டிவிட்டுப் போகும் திருநாள் ஒன்று உலகில் இருக்கிறது என்பது அவரை அயர வைத்தது.

துரை எழுந்து வந்து அவர் எதிரில் நின்றார். ஏதோ கேட்டார்.

"உன் சட்டம் எதுவரைக்கும்னு கேக்கறாரு."

"கேட்டு வரைக்கும்."

"அதுக்கு அப்பால இன்னா கீதுன்னு கேக்கறாரு."

ஸ்டானிஸ்லாஸ் விரல்விட்டு எண்ணினார். "சமையல் கொட்டா. சைக்கிள் ஷெட்டு. சமுத்திரம்" என்றார்.

பதின்மூன்றாம் தேதி விடியுமுன், சைக்கிள் கொட்டகையில் அப்படியொரு கூட்டத்தை எவரும் கண்டதில்லை. கல்நார்த் தகடு வேய்ந்த கூரை. கடற்பக்கமும் இருபுறமும் சுவர். காற்று அவ்வளவாக உள்ளே நுழையாது. ஸ்டானிஸ்லாஸ் சைக்கிள்களை ஓரமாக நகர்த்தி நடுவில் வழி விட்டிருந்தார். இருகோடியிலும் மணல் வாளி. சமையல் கொட்டகைக்குப் போய்க் காரினின் தலையையும் சோதித்தாயிற்று: கிரீடத்துக்கு அடியில் நனைத்த துணி இருக்கிறதா என்று விரலால் அழுத்தினார், நீர் கசிந்தது. மகளின் கூந்தலை இறுக முடிந்து துணியிட்டிருந்த துரைசானி, இன்னொரு துணியை நனைத்துத் தம் தோளிலேயே வைத்திருந்தார். ஸ்டானிஸ்லாஸ் தலையசைத்தார். நெருப்புக்கு அஞ்சத் தெரிந்தவர்கள் இருவரும் பாஷை தெரியாமலேயே ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள்.

"தம் அடிக்கலாமா, மாமு? இல்ல இங்கயும் சட்டமா?" என்றான் சண்முகவேல், தூணில் சாய்ந்தபடி.

"இது கேட்டுக்கு வெளில, ஊரு. அடி."

துரை கேட்டுக்கொண்டபடி ஸ்டானிஸ்லாஸ் வாயில் விளக்கை அணைத்தார். அவர் காவலில் அது ஒருநாளும் அணைந்ததில்லை. இருட்டு வந்து எல்லார்மேலும் கவிந்தது. பீடி முனைகள் மட்டும் சிவந்து தெரிந்தன. கடல் சுவருக்கு அப்பால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பாட்டுத்தான் கேட்டது. மெலிந்த குரல், ஏறி இறங்காமல் நீரின்மேல் போவதுபோல் போயிற்று. பிறகு மதிலின் மூலை வெளுத்தது. வெளுப்பு மஞ்சளாகி, மஞ்சள் அசைந்து, அந்த அசைவுக்கு அடியில் ஒரு முகம் தோன்றியது. வெள்ளை அங்கி, இடையில் இரத்தச் சிவப்புக் கச்சை, தலையைச் சுற்றி எரியும் சுடர்கள். கழுத்து அசையாமல், பார்வை தாழாமல், தலையில் நிறைகுடம் சுமப்பவள்போல அவள் வந்தாள். பின்னால் துரைசானி கையில் ஒற்றை மெழுகுவத்தியோடு வந்தார். அவருக்கும் பின்னால் துரை பன் தட்டையும் இக்னேஷியஸ் காப்பிப் பாத்திரத்தையும் குவளைகளையும் ஏந்தி வந்தார்கள்.

சைக்கிள் மணியை விளையாட்டாகத் தட்டிக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். பீடிகள் தாழ்ந்தன. மருந்தும் மெழுகும் மரத்தூளுமாகப் பொழுதைக் கழிக்கும் அம்மனிதர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன. தினமும் தடவிச் சோதித்த ஆட்களின் முகங்களை அன்றுதான் முதன்முறை காண்பதாக ஸ்டானிஸ்லாஸுக்குத் தோன்றியது.

அப்பொழுது பெட்டி ஒட்டும் பிரிவைச் சேர்ந்த சிலுவையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். காசிமேட்டுக்காரி, ஒரு கண்ணில் புரை படர்ந்தவள்.

"லூசியம்மா" என்றாள், தாழ்ந்த குரலில். "கண்ணுக்கு ஒடயவளே."

சிலுவை போட்டுக்கொண்டு இரு கைகளையும் சுடரை நோக்கி நீட்டினாள். காரின் உயரமான பெண், கை எட்டவில்லை. காரின் பாட்டை நிறுத்திவிட்டு விழித்தாள். துரைசானியும் விழித்தார். அவர்கள் தேசத்தில் லூசியாவைப் பார்ப்பார்கள், கேட்பார்கள், அவள் கையால் காப்பி குடிப்பார்கள். அவள் தலை நெருப்பை நோக்கி இப்படிக் கை நீட்டினவர் எவருமில்லை. இக்னேஷியஸ் அருகே வந்து காரினின் காதில் ஏதோ சொன்னான்.

காரின் மெல்ல, மிக மெல்ல, கழுத்து வளையாமல், சைக்கிள் எண்ணெய் சொட்டிய அந்தச் சிமிட்டித் தரையில் முழந்தாளிட்டாள்.

சிலுவையம்மாள் உள்ளங்கைகளைச் சுடர்மேல் காட்டி, அந்தச் சூட்டை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின் ஆண்கள். பாய்லர் அறை அலி அக்பர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து ஒற்றிக்கொண்டார். யாரும் யாரையும் தள்ளவில்லை. காரின் கண்ணை மூடவில்லை. குனிந்து எழும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொர சொல்றாரு," என்று இக்னேஷியஸ் முணுமுணுத்தான், "லூசியம்மா கண்ணுக்குன்னு உள்ளவங்கன்றதே அவங்க ஊருல மறந்துபூட்டாங்களாம். பன்னுல மட்டும் கண்ணு வெச்சுகினு கீறாங்கோ."

சமையல் கொட்டகை வாசலில் கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்த சீனியம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். சில அடி வந்து நின்றாள். சுடரைப் பார்க்கவில்லை, ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள். வழியில் அவர் காலடியில் மணல் வாளி இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

அவள் வந்தாள். கைகளைச் சுடரில் காட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, போகும் வழியில், "உள்ள வச்சாத்தான் குத்தமோ, அண்ணாச்சி" என்றாள். குரலில் பழைய சூடு இல்லை. கேள்வி மட்டும் இருந்தது.

"உள்ள வெச்சா யாரு வெச்சாலும் குத்தம்மா. தொரயே வெளில வந்துட்டாரு பாரு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தட்டில் பன்னை ஏந்திக்கொண்டு தொழிலாளி தொழிலாளியாகக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார் துரை. சீனியம்மாள் ஒரு பன் எடுத்துக்கொண்டாள்.

முதற்சங்கு ஊதிற்று. காப்பிக் குவளைகள் காலியாயின. ஸ்டானிஸ்லாஸ் விரல்களை நனைத்துக்கொண்டு காரினின் அருகே போனார். அவள் முழந்தாளிட்டபடியே இருந்தாள். ஒவ்வொரு சுடராகக் கிள்ளி அணைத்தார். வாழ்நாளில் எத்தனையோ நெருப்பை அணைத்த கை. கடைசிச் சுடரின் முன் அது தயங்கி நின்றது. பிறகு அதையும் அணைத்தார். புகை எழுந்தது. மெழுகு ஒட்டிய விரல்கள் தாமாகவே மேலேறி அவருடைய இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டதை அவர் அறியவில்லை.

வாயில் விளக்கு மீண்டும் எரிந்தது. வரிசை நின்றது. வரிசையின் தலையில் ஹெட்லுண்ட் துரை நின்றார். நெடிய கைகள் இரண்டையும் உயரத் தூக்கியிருந்தார். அந்த வாயிலில் எந்தத் துரையும் கையைத் தூக்கியதில்லை. தூக்கும்படி எவரும் கேட்டதுமில்லை. ஸ்டானிஸ்லாஸ் ஒரு கணம் நின்றார். பிறகு மற்றவரைத் தடவுவதுபோலவே தடவினார். மெழுகுவத்தி கொளுத்திய தீப்பெட்டி கால்சட்டைப் பையில் இருந்தது. அதைச் சிற்றறையில் போட்டுவிட்டுப் பித்தளை வில்லையைக் கொடுத்தார். காரினின் கிரீடத்துக்கும் மெழுகுவத்திகளுக்கும் ஒரு வில்லை. அவள் அதைச் சிவப்புக் கச்சையின் முனையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

பன்னை மென்றபடி சண்முகவேல் வந்தான். கைகளைத் தூக்கினான்.

"அணைச்ச கையாலயே கண்ல ஒத்திக்கினியே, மாமு. பாத்தேன்."

"பாத்தியா. கைய இன்னும் தூக்கு."

"தூக்கிகினுதான் கீறேன்." சற்று நேரம் மென்றான். "தீபத்தன்னிக்கு சீனியம்மா ஷெட்டுல விளக்கு வெக்கட்டுமான்னு கேட்டுச்சு."

"அது ஊரு. என்ன இன்னாத்துக்குக் கேக்கறே?"

"நீ வாளியத் தூக்கிகினு வந்துடுவியேன்னுதான்."

"வருவேன். அகலு பக்கத்துல ஒரு ஆளு நிக்க வேணாமா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "திரி பெருசா போடச் சொல்லு. கடல் காத்து அடிக்கும்."

சண்முகவேலின் பீடிக் கட்டைச் சிற்றறையில் போட்டு வில்லையைக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு, இத்தனை காலத்தில் முதன்முறையாக, வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போனான்.

வரிசை தீர்ந்தது. ஸ்டானிஸ்லாஸ் கூண்டுக்கு வெளியே வந்து கடலைப் பார்த்து நின்றார். கீழ்வானம் நீலமாக வெளுத்திருந்தது. நாள்தோறும் வருவதுதான். ஆனாலும் அன்று அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அது வருகிறதா என்று காத்து நின்றார். வந்தது.